தண்ணீர் டேங்கரின் ஓட்டை

"நாளைக்குக் காலையில நீங்க எங்கூட வரோணும். வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லோணும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

மடத்தம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன வார்த்தைங்க?"

"உம் புருசனோட போய்ப் பொழைன்னு."

"யாருகிட்ட?"

"எம்பட ஊட்டுக்காரிகிட்டத்தானுங்க. வேற யாருகிட்ட?"

கேட்டவன் நாச்சிமுத்து. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்கு இரும்புச் சட்டம் பத்த வைக்கிற வெல்டர். ஐம்பதைத் தொட்டுவிட்டான். எவ்வளவு தடித்த இரும்பையும் அசராமல் ஒட்டிவிடுவான். ஓர் இடத்தில் சும்மா உட்காருவது மட்டும் அவனுக்கு வராது. இப்போதுகூட உட்காரச் சொல்லிப் பாய் போட்டிருந்தார்கள். அவன் நின்றுகொண்டுதான் பேசினான்.

மடத்தம்மாவுக்கு அவனைவிடப் பத்து வயதாவது குறைவு. ஆனாலும் கரட்டடிவாரத்தில் மடத்தை நடத்துகிற அவர், அந்தப் பாறைக் குன்றைச் சுற்றி எல்லோருக்கும் அம்மாதான். நாச்சிமுத்துவின் மாமனார் ஊரில் அவர் பேச்சுக்குத் தனி மரியாதை உண்டு. அதனால்தான் பொழுது விடிந்ததும் விடியாததுமாகப் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தான்.

"என்ன நடந்துது?"

"ஒண்ணுமே நடக்கலைங்க. மச்சினன் புது ஊட்டுக்குப் பால் காச்சுனான். பந்தியில உக்காந்து வெளையாட்டா ஒண்ணு சொல்லிப்போட்டேன்."

"என்னன்னு?"

"சோறு வடிக்கத் தெரியாத குடும்பத்துல பொண்ணெடுத்தேன் பாருன்னு."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"நான் சிரிச்சேனுங்க."

பூங்கொடி சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்தாள். அன்றிலிருந்து அம்மா வீட்டில் இருக்கிறாள்.

அதற்காக இவன் சும்மா இருந்தான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. விடாமல் போனில் கூப்பிட்டான். பட்டுச்சேலை வாங்கிக்கொண்டு போனான். வாசலில் இருந்தவள் உள்ளறைக்குப் போய்விட்டாள். அடுத்துத் தாய்மாமனைக் கூட்டிப் போனான். சாமி படத்தின் மேல் சத்தியம் செய்தான், அழுதான், மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும்வரை பேசினான். அவன் படியிறங்கி முடிக்கவில்லை, பின்னால் டமாரென்று தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் அவன் காதைவிட்டுப் போகவில்லை.

"இன்னொருக்கா கூட்டம் சேத்துக்கிட்டு வந்தா வக்கீல வெச்சுத் தீத்துக்கலாம்னு மச்சினன் சொல்லிப்போட்டானுங்க."

"அதனால?"

"அதனால இந்தத் தடவை பெருசாப் போறனுங்க. வேன் சொல்லியாச்சு. பெரியப்பா, பெரியம்மா, ஊர்ப் பெரியவங்க அத்தனை பேரும் வாராங்க. நீங்க முன்சீட்டு."

மடத்தம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"வாரேன்," என்றார்.

நாச்சிமுத்துவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"எங்க தண்ணி டேங்கரு ஒழுகுதுங்கண்ணா. கரட்டு மேல இருக்கற ஊருக்குக் கொண்டு போறதுக்குள்ள பாதித் தண்ணி ரோட்டுக்குப் போயிருது. அத அடைச்சுக் குடுங்க. நாளைக்கு வேன்ல மொதல்ல ஏறி உக்கார்றது நாந்தான்."

"அவ்வளவுதானுங்களா? அரை மணி நேர வேலை!"

*

டேங்கர் வேப்பமரத்தடியில் நின்றது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற பழைய டேங்கர். பக்கவாட்டில், அடியை ஒட்டி, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. யாரோ துணியைத் திணித்து வைத்திருந்தார்கள்.

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா இவ்வளவு பேச்சு!

மெஷினை இறக்கி மடத்துக் கரெண்டில் சொருகினான். கரட்டடிவாரத்தில் காற்று சுழற்றி அடித்தது. கேஸ் வைத்துப் பத்த வைக்கிற மெஷினாக இருந்தால் அந்தக் காற்றில் வேலை ஆகாது. இது உள்ளே மருந்துப்பொடி அடைத்த கம்பி. புயலடித்தாலும் கவலையில்லை.

தடித்த இரும்புக்குப் பழகிய கை. எப்போதும் வைக்கிற சூட்டையே வைத்தான். கம்பியை ஓட்டைமேல் காட்டி விசையை அழுத்தினான்.

ஓட்டை அடையவில்லை. தகடு உருகிச் சொட்டியது. சுண்டுவிரல் நுழைந்த இடத்தில் இப்போது கட்டைவிரல் நுழைந்தது.

"அட," என்று இன்னும் கொஞ்சம் கம்பியைக் கொடுத்தான். இன்னும் கொஞ்சம் சொட்டியது.

நாச்சிமுத்துவுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் அவனுக்கு ஒரு குறுக்கு வழி தெரியும். இரும்புக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி ஓட்டைக்குள் செருகினான். அதன் மேலாகவே பத்த வைத்து மூடினான். கசடைத் தட்டி எடுத்தபோது மேலே வரிவரியாக, பார்க்க லட்சணமாக இருந்தது.

"பாருங்கம்மா."

மடத்தம்மா குனிந்து பார்த்தார்.

"அழகா இருக்குது," என்றார்.

*

அடிவாரத்துப் போர்வெல்லில் தண்ணீர் பிடித்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மடத்தம்மாவே டிராக்டரை ஓட்டினார். நாச்சிமுத்து மட்கார்டில் உட்கார்ந்து, நாளை மச்சினன் வாசலில் பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான். பேச்சு நீண்டுகொண்டே போனது. கரட்டுப் பாதையில் கல்லுக்குக் கல் வண்டி தூக்கிப் போட்டது.

மேலே ஊர்ப் பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். முதல் குடத்துக்காரி குழாயைத் திறந்தாள்.

புஸ்ஸென்று காற்று வந்தது.

"ஏனுங்கம்மா, தண்ணி வண்டின்னு சொல்லிப்போட்டு வெறும் வண்டிய ஓட்டிட்டு வந்திருக்கறீங்க?"

நாச்சிமுத்து பின்னால் ஓடிப் பார்த்தான். அடைத்த இடத்தைக் காணோம். அங்கே ஓர் எலுமிச்சம்பழம் நுழைகிற ஓட்டை. பாதை நெடுக ஈரக்கோடு. இத்தனை பெண்கள் வெறும் குடத்தோடு தன்னையே பார்த்துக்கொண்டு நிற்க, அவனுக்கு அவமானமாக இருந்தது. பார்வையைத் தரையில் போட்டான்.

திரும்பும் வழியில் மடத்தம்மா ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார். இறங்கி, கல்லிடுக்கில் கிடந்த எதையோ எடுத்து வந்து அவன் கையில் வைத்தார்.

அவன் செருகிய கம்பித்துண்டு. மேலே அவன் போட்ட அழகான வரிகள் அப்படியே இருந்தன. திருப்பிப் பார்த்தான். விளிம்பு முழுக்கத் துரு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"தகடு சரியில்லைங்க," என்றான்.

மடத்தம்மா வண்டியைக் கிளப்பினார்.

*

மத்தியானம் சாப்பிடவில்லை. கூப்பிட்டார்கள், போகவில்லை. கிரைண்டரை எடுத்து ஓட்டையின் விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தான். பொறி பறந்தது. துருப்பொடி மூக்கில் ஏறியது.

மடத்தம்மா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்.

"அடைக்கச் சொன்னா இன்னும் பெருசு பண்றீங்களே?"

"சுத்தியும் துருங்கம்மா. துரு மேல பத்த வெச்சா புடிக்காது."

"காலையில இத்துனூண்டுதான இருந்துது?"

"வெளிய தெரிஞ்சது இத்துனூண்டுங்க. ரொம்ப நாளா உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே வந்திருக்குது. ஓட்டை விழுந்த அன்னைக்குத்தான் நம்ம கண்ணுல..."

கிரைண்டர் நின்றது.

நாச்சிமுத்து அதைக் கையில் பிடித்தபடியே இருந்தான். பூங்கொடி முதன்முதலில் வைத்த ரசம் ஞாபகம் வந்தது. அதை மாட்டுத் தொட்டியில் ஊற்றச் சொல்லி நாலு பேருக்கு முன்னால் சிரித்திருந்தான். அவள் அப்பா வாங்கிக் கொடுத்த கட்டிலுக்கு ஒரு கேலிப் பெயர் வைத்திருந்தான். அவள் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. அவள் சேலை கட்டுவதற்கு ஒன்று. வருசக்கணக்காக விளையாட்டுக்குச் சொன்னவை. அவள் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்திருந்தான்.

விளிம்பில் ஒட்டியிருந்த துருப்பொடியை விரலால் வழித்தான்.

"எது வரைக்கும் தேய்க்கோணும்?" என்று மடத்தம்மா கேட்டார்.

"நல்ல இரும்பு தட்டுப்படற வரைக்கும்," என்றான்.

*

விளிம்பு வெள்ளையாகப் பளபளத்தபோது வெயில் இறங்கியிருந்தது. தகடு வெட்டி ஒட்டுப் போடலாம். அந்த அத்துவானத்தில் தகட்டுக்கு எங்கே போவது? கம்பியாலேயே நிரப்ப வேண்டியதுதான்.

மெஷினில் சூட்டைக் குறைத்தான். நன்றாகவே குறைத்தான். ஓட்டையின் நடுவே காட்டவில்லை. ஓரத்தில், நல்ல இரும்பின் மேல், ஒரே ஒரு பொட்டு வைத்தான். கையை எடுத்துவிட்டான்.

பொட்டு சிவந்து கிடந்தது.

எழுந்தான். உட்கார்ந்தான். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. போனை எடுத்துப் பூங்கொடியின் நம்பர்வரை போய்விட்டான்.

"என்ன, வெக்கலையா அடுத்ததை?" என்றார் மடத்தம்மா.

"சூட்டுமேல சூடு வெச்சா ஓடிப்போயிருமுங்க. செவப்பு போகோணும்."

"நாம ஒண்ணும் பண்ண முடியாதா?"

"பாத்துக்கிட்டு இருக்கலாமுங்க."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த போனைப் பார்த்தான். அதை வேப்பமரத்துக் கிளை இடுக்கில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

சிவப்பு மங்கியது. கறுத்தது. கசடைத் தட்டினான், பிரஷ் போட்டான். எதிர்ப்பக்கத்து ஓரத்தில் இன்னொரு பொட்டு. பிறகு காத்திருப்பு. தட்டினான், தேய்த்தான், வைத்தான், காத்திருந்தான். ஒவ்வொரு காத்திருப்பிலும் உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. ஓட்டை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதானது.

மரத்தில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வேன்காரனோ, பெரியப்பாவோ.

மடத்தம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தான். உட்கார்ந்து குடித்தான்.

*

மறுநாள் காலையில் டேங்கர் கரட்டுமேல் போய்ச் சேர்ந்தது. பாதையில் ஈரக்கோடு இல்லை. முதல் குடம் நிறைந்து வழிந்தது. நேற்றுக் கேள்வி கேட்டவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நாச்சிமுத்து குனிந்து அடைத்த இடத்தைத் தடவிப் பார்த்தான். கரடுமுரடாகத்தான் இருந்தது. பார்க்க லட்சணம் இல்லை.

திரும்பி வந்தபோது மடத்து வாசலில் வேன் நின்றது. ஆள் அடங்காத வேன். பட்டு வேட்டிகள், பழத்தட்டுகள், பேசிப் பேசியே குரல் கரகரத்துப் போன பெரியப்பா.

"எங்கடா போன? நல்ல நேரம் போகுது. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துப்போடலாம்!"

மடத்தம்மா டிராக்டரிலிருந்து இறங்கினார். கையைத் துடைத்தார். நேராகப் போய் வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"வாங்கண்ணா. நீங்க வேலைய முடிச்சுப்போட்டீங்க. நான் சொன்ன சொல்லக் காப்பாத்தோணுமில்லைங்களா."

நாச்சிமுத்து வேனைப் பார்த்தான். உள்ளே இருந்த ஒவ்வொரு முகமும் பேசுவதற்குத் தயாராக இருந்தது.

"பெரியப்பா," என்றான். "எல்லாரும் எறங்கிச் சாப்புட்டுட்டு ஊட்டுக்குப் போங்க. மடத்துல சோறு நல்லா இருக்கும்."

"ஏண்டா, உனக்கென்ன கிறுக்கா?"

மடத்தம்மா கதவைத் திறந்து இறங்கினார்.

"எலை போடச் சொல்றேன்," என்று உள்ளே போனார்.

*

பூங்கொடியின் அம்மா வீடு ரோட்டோரம். எதிரே டீக்கடை. பிக்கப்பைக் கடையோரம் நிறுத்திவிட்டு, நாச்சிமுத்து தனியாக ரோட்டைத் தாண்டினான். கையில் ஒன்றும் இல்லை.

பூங்கொடி கதவருகில் வந்துவிட்டாள். ஒரு கை தாழ்ப்பாளில் இருந்தது. அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

அவன் படியேறவில்லை.

"தண்ணி குடு," என்றான்.

தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்து நீட்டினாள். முகம் கல்லாக இருந்தது. அவன் அண்ணாந்து குடித்தான். மட்கார்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்த அத்தனை பேச்சும் தொண்டைவரை வந்து முட்டியது. தண்ணீரோடு சேர்த்து விழுங்கினான்.

"அன்னைக்கு மட்டும் இல்ல, பூங்கொடி. அதுக்கு முந்தியும்தான். அந்த ரசத்துல இருந்து."

சொம்பைப் படியில் வைத்தான்.

"நான் வாரேன்."

அவள் வாயில் தயாராக வைத்திருந்த வார்த்தைக்கு இடமில்லாமல் போய்விட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"இன்னைக்கு அவ்வளவுதான்."

திரும்பி நடந்தான். ஓட வேண்டும் போல இருந்தது. மெதுவாகவே ரோட்டைத் தாண்டி, வண்டியில் ஏறி உட்கார்ந்தான். சாவியைப் போட்டான், திருகவில்லை. இஞ்சின் சத்தத்தில் தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல் போய்விடக் கூடாது.

டீக்கடைக்காரர் கிளாஸ்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்தார். ஒரு பஸ் வந்து, ஆளை இறக்கிவிட்டு, போயே போய்விட்டது.

தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை. அவன் சாவியில் வைத்த கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான்.