மூட்டையை யார் தூக்குவது?

கொன்றைநாட்டை ஆண்ட சேதிராயருக்கு எதிலும் நேர்பாதி வேண்டும். தோசையைக் கூட அளந்து இரண்டாக மடித்த பிறகுதான் வாயில் வைப்பார். அப்பேர்ப்பட்டவரிடம் போய்ச் சடையனும் அவன் மனைவி உமையாளும், “எங்களைப் பிரிச்சு விடுங்க” என்று நின்றால் என்ன ஆகும்?

அமைச்சர் வீரசிகாமணிக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. ஒரே காலையில் சொத்தைப் பிரித்துத் தள்ளினார். அம்மி அவளுக்கு, குழவி அவனுக்கு. கட்டிலை ரம்பத்தால் அறுத்து ஆளுக்கு இரண்டு கால். இனி யார் படுத்தாலும் சறுக்கி விழ வேண்டியதுதான்.

மிஞ்சியது வீடும், ஏழு வயது மகள் தெய்வானையும். பிள்ளை யாரிடம் இருக்கிறதோ அவருக்கே வீடு என்பது அந்நாட்டுச் சட்டம். அவ்வளவுதான், இருவருக்கும் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

“எங்கண்ணு என்கிட்டதான் இருக்கும்!” என்றான் சடையன்.

“அது என்ன சாப்பிடும்னாவது உனக்குத் தெரியுமா?” என்று பாய்ந்தாள் உமையாள்.

அமைச்சர் குறுக்கே வந்தார். “பதினஞ்சு நாள் அப்பாகிட்ட, பதினஞ்சு நாள் அம்மாகிட்ட. குழந்தை துணிமூட்டையைத் தூக்கிக்கிட்டுப் போய் வரட்டும்.”

“நல்ல யோசனைங்க!” இருவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். உடனே, “ஆனா வீடு எனக்கு!” என்று ஒன்றாகக் கத்தவும் செய்தார்கள். தெய்வானை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவையில் வாயாடி என்று பெயரெடுத்த கூத்தனைக் கூப்பிட்டார்.

“கூத்தா! சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள தீர்ப்பு வேணும். சட்டம் மீறக் கூடாது, பாதியும் குறையக் கூடாது. தவறினா இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீதான் குடியிருக்கணும்!”

கூத்தன் குழந்தையின் அருகே போய் உட்கார்ந்தான்.

“நீ எங்க இருக்க ஆசைப்படறே, கண்ணு?”

“எங்க வீட்லதான். என் ஆட்டுக்குட்டி அங்கதானே இருக்கு? சண்டை போட்டது அவங்க. நான் எதுக்கு நடக்கணும்?”

நல்லவேளை, அந்த ஆட்டுக்குட்டி ரம்பக்கார அமைச்சரின் கண்ணில் இன்னும் படவில்லை.

கூத்தன் எழுந்தான். “தீர்ப்பு கிடைச்சாச்சு, மகாராஜா. பிள்ளை பக்கம்தானே வீடு? பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும். வீடு அவளுக்கு. அப்பா பதினஞ்சு நாள், அம்மா பதினஞ்சு நாள், முறை வச்சு வந்து அவளைப் பார்த்துக்கட்டும். மூட்டையை அவங்க தூக்கட்டும்.”

“ஐயோ, மாசம் பூரா மூட்டையும் கையுமா அலையறதா?” என்று அலறினாள் உமையாள்.

“ஒரு மனுசனால முடியற காரியமா இது?” என்றான் சடையன்.

“ஏழு வயசுக் குழந்தையால முடியும்னு இப்பத்தானே ரெண்டு பேரும் தலையாட்டினீங்க?” என்றான் கூத்தன்.

இருவர் தலையும் தொங்கிவிட்டது. சேதிராயர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தனுக்குப் போட்டார்.

“அமைச்சரே, இதையே சட்டமா எழுதும்! கொன்றைநாட்டில் எல்லாருக்கும் இதுதான்!”

“எல்லாருக்குமா, மகாராஜா?” கூத்தன் பணிவாகக் கேட்டான். “நம்ம இளவரசருக்கு இப்ப மூணு வயசு. நாளைக்கு ராணியார் கோவிச்சுக்கிட்டு உங்களைப் பிரிஞ்சா, அரண்மனை அவர் பேருக்குப் போயிடுமே?”

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. காவலனைக் கைதட்டி அழைத்தார்.

“ஓடு! ராணியாரிடம் போய்ச் சொல்லு. நேத்துப் பாயசத்தைப் பத்தி நான் சொன்னது அத்தனையும் தப்பு. இனிப்பு சரியாத்தான் இருந்துச்சு!”