மெஸ்ஸில் கவிழ்த்துக் கட்டிய பாட்டில்

தாராபுரம் பஸ் ஸ்டாண்டு எதிரே மெஸ் நடத்துகிறவர் மாசிலாமணி. கல்லாப் பக்கம் மீன் தொட்டி வைக்கச் சொன்ன வாஸ்துக்காரர், அதில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே தண்ணீர் இறங்கினால் செல்வமும் இறங்கிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே ஃபேன் சுற்ற, தண்ணீர் வற்றிக்கொண்டே இருந்தது. பாத்திரம் தேய்க்கும் செவ்வந்தியின் தலையில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் விழுந்தது.

"கோட்டுக்குக் கீழ போச்சுன்னா நாளையிலிருந்து வராத புள்ள" என்றார் மாசிலாமணி.

பின்கட்டுத் தூளியில் அவளுடைய கைக்குழந்தை பாலுக்கு அழும். அவள் சொம்போடு தொட்டியருகே நிற்பாள். மூன்று மாதம் இப்படியே போனது.

கோழிப்பண்ணையில் பாட்டிலைக் கவிழ்த்துக் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்த பழக்கம் அவளுக்கு உண்டு. ஒரு நாள் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, வாய் அந்தக் கோட்டில் நிற்கும்படி தொட்டிக்குள் கவிழ்த்துக் கட்டினாள். தண்ணீர் குறைந்ததும் காற்று உள்ளே ஏறி, பாட்டில் குபுக்கென்று ஊற்றியது. கோடு வந்ததும் தானே நின்றது.

மாசிலாமணி கத்தினார். "அவுத்துப் போடு! கையால ஊத்துனாத்தான் ராசி!"

செவ்வந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவுத்தர்றேனுங்க முதலாளி. ஆனா மூணு மாசமா ஊத்துனது என்ற கைதானுங்களே. ராசியெல்லாம் எனக்கு வந்துருச்சுங்களா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குச் சிரிப்பில் புரை ஏறியது. "அப்ப நீங்களே சொம்போட நில்லுங்க மாசிலாமணி!"

மாசிலாமணி சொம்பைப் பார்த்தார், தன் நாற்காலியைப் பார்த்தார்.

"பாட்டிலே இருக்கட்டும் விடு. அதுக்குக் கை கிடையாது."

செவ்வந்தி பின்கட்டுக்குப் போய்ப் பிள்ளையை எடுத்தாள். அது பசியாறும் முன்பே, சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள்.