பாவாடைராயன் போட்ட இரண்டாவது பாதை

முட்டாள்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் தெருவுக்கு ஒருவர் என்று சிதறிக் கிடப்பார்கள். விருத்தாசலத்தில்தான் மூன்று பேர் ஒரே அறையில், ஏசி வசதியோடு, மாதச் சம்பளத்துக்கு இருந்தார்கள். தலைமை பாவாடைராயன். அவருக்குக் கீழே கலியபெருமாளும் அஞ்சாப்புலியும். ஒரு திருமணத் தகவல் நிலையத்தின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்வது இவர்கள் வேலை.

அறையில் இரண்டு சர்வர்கள். நாற்பதாயிரம் ஜாதகங்களும் எதிரே தனியாக நின்ற சேமிப்புப் பெட்டியில் இருந்தன. சர்வருக்கு ஒன்று வீதம் பெட்டி வரைக்கும் இரண்டு கேபிள். போன வாரம் எலி இரண்டையும் கடித்துவைக்க, ஒரு நாள் முழுக்க யாருக்கும் பொருத்தம் பார்க்க முடியவில்லை.

எலி கடித்ததை மாற்றியாயிற்று. அதோடு ஒவ்வொரு சர்வருக்கும் இன்னொரு கேபிள் போடச் சொன்னார், சென்னையிலிருந்து போனில் பேசிய பொறியாளர் யமுனா. ஒன்று போனால் மற்றது தாங்குமாம். பழையது போகும் வழியில் புதியது போகக் கூடாது, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேபிளில் சீட்டு ஒட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

பாவாடைராயனுக்கு இதில் சொந்தக் கவலையும் இருந்தது. அந்த நாற்பதாயிரத்தில் அவருடைய ஜாதகமும் ஒன்று. வயது முப்பத்தொன்பது. பதினேழு இடம் தட்டிப்போயிருந்தது. அன்று மாலை நான்கு மணிக்குப் பெண்ணாடத்திலிருந்து பெண்ணின் அப்பா தண்டபாணி நேரில் வந்து பொருத்தம் பார்ப்பதாக ஏற்பாடு. பெட்டி திறக்காவிட்டால் பதினெட்டாவதும் போச்சு. பாவம், மனுஷன் காலையிலேயே புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

பழைய கேபிள்கள் தரையோடு நான்கடி தூரம் போயின. புதியது அந்தப் பக்கமே போகக் கூடாதே என்று மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் புதியவற்றை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, டீக்கடைக் கூரையைச் சுற்றி, பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்து பெட்டியில் செருகினார்கள். டீக்கடைக்காரர் உடனே அதில் துண்டு காயப்போட்டார். அஞ்சாப்புலி கவனமாகச் சீட்டு எழுதி ஒட்டினார்: ‘வருவது: கடைவீதி எலக்ட்ரிக்கல் கடை. போவது: பெட்டி வரை. அதற்கப்புறம் தெரியாது.’

ஆச்சரியம் என்னவென்றால், எல்லாம் வேலை செய்தது.

யமுனாவுக்குச் சொன்னார்கள். “முதல்ல பழசைப் பிடுங்கிப் பாருங்க. வேலை நடந்தா சரி. அதைச் செருகிட்டு, புதுசைப் பிடுங்கிப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். அங்கேதான் சனி பிடித்தது.

பழையதைப் பிடுங்கினார்கள். ஜாதகம் திறந்தது. அதைச் செருகிவிட்டுப் புதியதைப் பிடுங்கினார்கள். அப்போதும் திறந்தது. மூவர் முகமும் இருண்டுவிட்டது.

“பழசு இல்லாமலும் நடக்குது. அப்ப பழசு வேலையே செய்யல,” என்றார் கலியபெருமாள்.

“புதுசு இல்லாமலும் நடக்குதே. அதுவும் சும்மாதான் கிடக்குது,” என்றார் அஞ்சாப்புலி.

பாவாடைராயன் கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். “ரெண்டும் தண்டம். எடுத்துருங்க. கேபிளே இல்லன்னா எலி எதைக் கடிக்கும்?”

இது யமுனாவுக்குக்கூடத் தோன்றவில்லையே என்று மற்ற இருவரும் பூரித்துப்போனார்கள். நான்கு கேபிளையும் சுருட்டிப் பரணில் போட்டார்கள். திரையில் ஏற்கனவே திறந்திருந்த ஜாதகம் அப்படியே நின்றது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

சரியாக நான்கு மணிக்குத் தண்டபாணி வந்தார். பாவாடைராயனின் ஜாதகத்தைக் கேட்டார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று விசாரித்தார். பாவாடைராயன் அழாத குறையாக, எலியில் தொடங்கிப் பரண் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார்.

தண்டபாணி முந்திரி வியாபாரி. எதையும் பொறுமையாகக் கேட்பவர். இரண்டாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு தலையாட்டினார்.

“நீங்க சொல்றது ஞாயந்தான். நானும் எம்பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளை பாத்து வச்சிருக்கேன், ஒண்ணு தட்டினா இன்னொண்ணு இருக்கட்டும்னு. நீங்க ஒண்ணு, நெய்வேலிக்காரர் ஒண்ணு. நீங்க இல்லாட்டியும் கல்யாணம் நடக்கும். அவரு இல்லாட்டியும் நடக்கும்.”

“ஆமாங்க.”

“அப்ப ரெண்டு பேரும் எதுக்கு?”

பாவாடைராயன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அந்தப் பேச்சில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மண்டபம் முன்கூட்டியே பேசியிருந்ததால் வைகாசியில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மணவறையில் பெண் செந்தாமரை ஒருத்தியாக, தாராளமாக உட்கார்ந்திருந்தாள். ஐயர் மந்திரம் சொன்னார். கெட்டிமேளம் கொட்டியது. பந்தியில் நெய்வேலிக்காரருக்கும் பாவாடைராயனுக்கும் பக்கத்துப் பக்கத்து இலை.

“நம்ம ரெண்டு பேரையும் பிடுங்கியாச்சு,” என்றார் பாவாடைராயன், பாயசத்தை வழித்துக்கொண்டே. “கல்யாணம் ஒரு நிமிஷம்கூட நிக்கல, பாத்தீங்களா?”