மூக்கு ஒடிந்த மைனா

ஆற்றோரம் ஒரு மருத மரம். அதன் அடியில் ஓர் அணிலும், ஒரு முள்ளம்பன்றியும், ஒரு குரங்கும் மரத்துண்டில் பறவை செதுக்கின. சங்கம் என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தன. குரங்குதான் தலைவர். எல்லோரையும்விட உயரமான கிளையில் உட்கார்ந்ததால் கிடைத்த பதவி அது.

அணிலின் பல்லுக்குச் சிறகு வசப்படும். குரங்கின் கைக்குக் கால் வசப்படும். மூக்கு என்றால் முள்ளம்பன்றிதான். ராத்திரியெல்லாம் கண் விழித்துக் கொறிக்கிற பிறவி அது. கூட்டத்துக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டே வரும்.

பௌர்ணமிதோறும் காலையில் கூட்டம். செதுக்கிய பறவையை நடுவில் வைக்க வேண்டும். செதுக்கியவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் ஆளுக்கொரு குறை சொல்லியே ஆக வேண்டும்!

"தலைவரே, இது கொக்கா? குடைக்கம்பி மாதிரி இருக்கு!" என்று அணில் கேட்கும். குரங்கு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்புறம் மூன்றும் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்த வருஷம் மழை கொட்டியது. ஆறு பெருகி மருத மரத்தின் இடுப்பு வரை ஏறியது. அணில் மேற்கரையில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் ஓடும் திசையில் அதற்குக் கீழே, ஆற்று நடுவில் ஒரு மேடு. முள்ளம்பன்றி அதில் தனியாக நின்றது. இன்னும் கீழே, எதிர்க்கரையில் குரங்கு.

பௌர்ணமி வந்தது. "கூட்டத்தைக் கத்தியே நடத்துவோம்!" என்றது குரங்கு.

"கேக்குதா?" என்றது அணில்.

"என்னது?"

"கேக்குதான்னு கேட்டேன்!"

"கேக்குது! என்ன சொன்னே?"

ஒரு வழியாக அணில், "மைனா ஒண்ணு செதுக்கினேன்!" என்று கத்தியது.

"அருமை!" என்றது குரங்கு.

"பார்க்காமலே அருமையா, தலைவரே?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"குறை சொன்னா விளக்கம் கேப்பாங்க! யாரு கத்துறது? நீயும் அருமைன்னு சொல்லு!"

அப்படியே அந்தக் கூட்டம் முடிந்தது.

அடுத்த பௌர்ணமிக்கு அணில் ஒரு யோசனை செய்தது. 'மரம் மிதக்குமே! தண்ணீரும் மேட்டுப் பக்கம்தானே ஓடுகிறது!' மைனாவை ஆற்றில் விட்டது. முள்ளம்பன்றி முதுகைத் திருப்பிக்கொண்டு தண்ணீரில் நின்றது. மைனா வந்து முள்ளில் மாட்டிக்கொண்டது.

முள்ளம்பன்றி அதை எடுத்துப் பார்த்தது. சிறகு அழகு. மூக்கும் அழகு! முள்ளம்பன்றி செதுக்கினால்கூட அப்படி வராது.

"எப்படி இருக்கு, முள்ளண்ணே?"

"நல்லா இருக்கு."

அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. மைனாவை ஒரு கல்லின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. 'மூக்குக்குக்கூட இனி நான் வேண்டாம்' என்று நினைத்தது. பாதி செதுக்கி வைத்திருந்த தன் மீன்கொத்தியைத் தண்ணீரில் தள்ளிவிட்டது.

மூன்றாம் பௌர்ணமி அன்று மேட்டிலிருந்து குரல் வந்தது. "தலைவரே! என் பேரை எடுத்துடுங்க. நான் சங்கத்துல இல்லை!"

"ரெண்டு பேரை வச்சுக்கிட்டு எப்படிச் சங்கம் நடத்துறது? சண்டை விலக்கக்கூட ஆளில்லையே!" என்று குரங்கு பதறியது.

அணிலுக்குச் சுருக்கென்றது. தான் அனுப்பிய அந்த மைனா ஏழாவது மைனா. முதல் ஆறுக்கும் மூக்கு ஒடிந்துவிட்டது. அதை அணில் யாரிடமும் சொல்லவில்லை. ஆறையும் பொந்துக்குள் ஒளித்து வைத்திருந்தது.

பொந்துக்கு ஓடியது. ஒன்றை இழுத்து வந்து ஆற்றில் போட்டது. "முள்ளண்ணே! மூக்கு ஒடிஞ்ச மைனா ஒண்ணு வருது! எனக்கு ஆறு தடவை ஒடிஞ்சு போச்சு! திரும்பி நில்லுங்க!"

"நான்தான் சங்கத்துல இல்லையே!"

"அப்போ அது கடலுக்குப் போகட்டும்!"

மைனா சுழன்று சுழன்று வந்தது. மேட்டைத் தாண்டப் போனது. முள்ளம்பன்றி தடதடவென்று ஓடித் தண்ணீரில் பாய்ந்து முதுகைக் காட்டியது. டக்!

எடுத்துப் பார்த்ததும் அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அணிலே! இது மைனாவா, முகம் கழுவாத எலியா? சிறகு வேற கனம்!"

"குறை சொல்லிட்டார்! தலைவரே, அண்ணன் குறை சொல்லிட்டார்!" என்று அணில் கிளையில் குதித்தது.

ஒடிந்த இடத்தில் செதுக்க மரம் மிச்சமில்லை. முள்ளம்பன்றி தன் முள் ஒன்றைப் பிடுங்கி அங்கே செருகியது. ஒரு சாண் நீள மூக்கு! "தலைவரே, காலை நீங்க பாருங்க!" என்று கீழே அனுப்பியது.

குரங்கு வாலால் அதைப் பிடித்தது. சின்னக் கால் வைத்துப் பார்த்தது. மூக்கின் பாரத்தில் மைனா குப்புற விழுந்தது. "யாருய்யா இந்த மூக்கை வச்சது?" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, கொக்குக்கு வைக்கிற காலை வைத்தது.

அதன்பின் பொந்திலிருந்த மற்ற ஐந்தும் ஒவ்வொன்றாக ஆற்றில் இறங்கின. மூன்று பேருக்கும் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது.

வெள்ளம் வடிந்தது. பௌர்ணமிக் காலையில் மூன்றும் மரத்தடிக்கு ஓடி வந்தன. முதலில் முடித்த மைனாவை நடுவில் வைத்தன. குறை சொல்ல வேண்டும். ஆனால் செதுக்கியவர் வாய் திறக்கக் கூடாதே! மூன்று பேருமே செதுக்கியவர்கள். வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்க உட்கார்ந்திருந்தன.

மரத்திலிருந்து நிஜ மைனா ஒன்று இறங்கி வந்தது. ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. "ஐயையோ! இது யாரு பெத்த பிள்ளை?"

"எங்க பிள்ளை!" என்று மூன்றும் ஒன்றாகக் கத்திச் சிரித்தன.

சிரிப்பு அடங்கியதும் முள்ளம்பன்றி மெல்லக் கேட்டது. "தலைவரே, என் பேரை எடுத்துட்டீங்களா?"

"எழுதி வச்சிருந்தாத்தானே எடுக்க முடியும்? கொட்டாவி விடாம மூக்கைச் செதுக்கு!" என்றது குரங்கு.

தூரத்தில் இருக்கும் நண்பனிடம் சரியாக வந்ததை மட்டும் காட்டினால் அவன் விலகிப் போவான். ஒடிந்ததையும் காட்டி உதவி கேட்டால் அவன் பக்கத்திலேயே இருப்பான்.