யானைக்குக் கட்டியம்

வெகு காலத்துக்கு முன்னே, மலையடிவாரத்து வேங்கையூரை உக்கிரசேனன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், கோபம் வந்தால் மட்டும் கண்மண் தெரியாது. அவனுடைய பிரதானி தில்லைராயர். அடேயப்பா, அவர் பவுசு! வெற்றிலை துப்பப் போனால்கூட முன்னால் ஒருத்தன் “பராக், பராக்!” என்று கட்டியம் கூறிக்கொண்டு போகணும்.

ஊரின் வடக்கு மதில் கட்டக் கட்ட இடிந்து விழுந்தது. “கொத்தனார் சடையாண்டி சுண்ணாம்பைத் திருடிவிட்டான், பிரபு!” என்றார் ராயர்.

“காலையில் அவன் தலையை எடுங்கள்!” என்று கத்தினான் ராஜா. சடையாண்டியின் பெண்சாதி சபையிலேயே விழுந்து கதறினாள்.

மந்திரி நல்லமுத்துவுக்கு விஷயம் தெரியும். முன்பு அங்கே மதிலே கிடையாது. அந்தி சாய்ந்தால் யானைக் கூட்டம் அந்தப் பாதையில்தான் ஏரிக்குப் போகும். ஜனங்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். ராயர் பாதையை வளைத்துத் தன் மாந்தோப்போடு சேர்த்துக்கொண்டு, மதில் வைத்து அடைத்துவிட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லத்தான் ஆளில்லை.

“யானை இடித்திருக்குமோ, ராயரே?” என்று கேட்டார் மந்திரி.

“யானையாவது, பூனையாவது! அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. இப்போது என் ஆட்கள் கட்டியிருக்கிறார்கள். மலையே மோதினாலும் அசையாது!”

“நல்லது. பிரபு, உயிர் போகிற வழக்கில் குற்றம் சொன்னவர் அந்த இடத்திலேயே நின்று சத்தியம் பண்ணுவது நம் ஊர் வழக்கம். இன்று அந்தியில் முடித்துவிடலாமே?”

ராயருக்கு வேர்த்துவிட்டது. “அந்தியிலா? காலையில் பார்த்துக்கொள்ளலாமே...”

“காலையில் தலை போய்விடுமே, ஐயா!”

“அந்தியில்தான்!” என்றான் ராஜா.

பொழுது சாய்ந்தது. ராஜாவும் மந்திரியும் காவல்மேடையில் நின்றார்கள். எட்டத்தில், கை கட்டப்பட்ட சடையாண்டி. மதிலடியில் ராயர் கற்பூரத்தைக் கையில் ஏந்தி, “சத்தியமாக...” என்று ஆரம்பித்தார். அப்பால் மூங்கில் படபடவென்று முறிந்தது. மதிலில் ஒரு முட்டு! காரை பெயர்ந்து அவர் தலைப்பாகையில் விழுந்தது.

“ஏன் நிறுத்திவிட்டீர்? சொல்லும்!” என்று அதட்டினான் ராஜா.

இன்னொரு முட்டு. கற்பூரம் ஒரு பக்கம், ராயர் ஒரு பக்கம். “ஐயோ, இது யானை வழி! நான்தான் அடைத்தேன்! கொத்தன் ஒரு பாவமும் அறியான்!” என்று அலறிக்கொண்டே ஓடினார்.

மதில் சரிந்தது. புழுதிக்குள்ளிருந்து பெரிய பெண் யானை ஒன்று குட்டியோடு வந்தது. யாரையும் தொடவில்லை, தோப்பைக் கடந்து நேரே ஏரிக்குப் போனது. பின்னாலேயே மற்றவையும் போயின.

ராஜா இறங்கி வந்து சடையாண்டியின் கட்டைத் தானே அவிழ்த்தான். “அவசரப்பட்டுவிட்டேனப்பா” என்று தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். மந்திரியை மார்போடு தழுவிக்கொண்டான். அப்புறம், காவலர்கள் பிடித்துக்கொண்டு வந்த ராயர் பக்கம் திரும்பினான். “உமக்குத்தான் கட்டியம் என்றால் உயிராயிற்றே!”

மறுநாள் முதல் அந்தியானால் அந்தப் பாதையில் ஒரு குரல்: “பராக்! பராக்! பெரியவர்கள் வருகிறார்கள், வழிவிடுங்கள்!” கூவியது யாரென்று நான் வேறே சொல்லணுமாக்கும்? யானைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரமாக நின்ற சடையாண்டியின் பெண்சாதிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம்.