ஐந்து கோடுகளும் ஒரு மணல்மேடும்

ஆறு ஒன்று வளைந்து ஓடிய காட்டிலே, குழந்தைகளே, விலங்குகள் தங்களுக்கென்று ஒரு சபை வைத்திருந்தன. சபைக்கு ஐந்து உறுப்பினர்கள். ஆண்டுதோறும் முதல் மழை பெய்த மறுநாள் காட்டை ஐந்து தொகுதிகளாகப் பிரிப்பார்கள். தொகுதிக்கு ஒரு மரம். அந்த மரத்தடியில் நிற்கும் வேட்பாளர்களில் பிடித்தவர் முன்னால் ஆளுக்கொரு கூழாங்கல் வைக்க வேண்டும். அதுதான் ஓட்டு.

கோடு கிழிக்கும் வேலை நரியுடையது. ஈர மண்ணில் வாலை இழுத்துக்கொண்டு ஓடும். அது போன வழிதான் எல்லை. "இந்தச் சின்ன வேலைக்கு உங்களுக்கெல்லாம் எதற்குச் சிரமம்?" என்று என்றைக்கோ நரியே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது. மற்றவர்களுக்கும் வேலை மிச்சம் என்று விட்டுவிட்டார்கள்.

ஆற்றங்கரை மணல்மேட்டில் அறுபது ஆமைகள் இருந்தன. அவற்றில் ஒருத்தி நாச்சி. நடைதான் மெதுவே தவிர, ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள்.

போன கோடையில் நாச்சி இட்ட பதினோரு முட்டைகளும் போய்விட்டன. பன்றிகளும் மான்களும் தண்ணீருக்குப் போகும் பாதை மணல்மேட்டின் நடுவே போனது. குளம்பு பட்டு மணல் கிளறும். முட்டைகள் வெளியே தெரியும். பின்னாலேயே நரிகள் வந்து வயிறாரத் தின்றுவிட்டுப் போகும்.

நாச்சிக்கு வயிறு எரிந்தது. பாதையை நாற்பது அடி தள்ளிப் பாறைப் பக்கம் போட்டால் போதும். ஆனால் உறுப்பினர் ஒருவர் எடுத்துப் பேசினால்தான் சபை எதையும் காதில் வாங்கும். அந்தச் சபையில் ஒரு நாளும் ஓர் ஆமை உட்கார்ந்ததில்லை. அடுத்த கோடை வருவதற்குள் யாராவது பேசியாக வேண்டும்.

"ஏன் நரியண்ணே, எங்களில் ஒருவர்கூட ஜெயிப்பதில்லையே, ஏன்?" என்று கேட்டாள் நாச்சி.

"உங்கள் ஆட்களுக்கு அக்கறை போதாது, நாச்சி. ஆடி அசைந்து நீங்கள் மரத்தடிக்கு வந்து சேர்வதற்குள் ஓட்டுப்பதிவே முடிந்துவிடுகிறது" என்றது நரி, மிகவும் வருத்தப்படுவதுபோல.

வேறொருத்தியாக இருந்தால் வெட்கப்பட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருப்பாள். நாச்சி விசாரிக்கக் கிளம்பினாள். ஒவ்வோர் ஆமையாகப் போய், "போன தடவை ஓட்டுப் போட்டாயா? எந்த மரத்தடியில்?" என்று கேட்டாள். பதிலுக்கு ஒன்றாக நத்தைக்கூடுகளை மரத்துக்கொரு குவியலாகச் சேர்த்தாள். கேட்டு முடிக்க முழுதாக இரண்டு மாதம் ஆயிற்று.

பிறகு குவியல்களை எண்ணினாள். வேம்பில் பன்னிரண்டு. மருதில் பன்னிரண்டு. இலுப்பையில், அத்தியில், புளியில், எல்லாவற்றிலும் பன்னிரண்டு! அறுபது ஆமைகளும் தவறாமல் ஓட்டுப் போட்டிருந்தன. ஆனால் ஒவ்வொரு மரத்தடியிலும் ஆமைகள் பன்னிரண்டு, மற்றவர்கள் நாற்பத்தெட்டு.

'மழைத்துளிகூட இப்படிச் சமமாக விழாதே' என்று நினைத்துக்கொண்டாள்.

விட்டாளா? நரிகள் எங்கே ஓட்டுப் போட்டன என்றும் விசாரித்தாள். நரிக்குன்றில் இருந்தவை மொத்தமே நாற்பத்தெட்டு நரிகள். அத்தனையும் புளியமரத்தடியில். அதனால்தான் ஆமைகளைவிடக் குறைவாக இருந்தும் நரிகளுக்கு எப்போதும் ஓர் உறுப்பினர் கிடைத்துவந்தார்.

முதல் மழை பெய்தது. மறுநாள் காலையில் நரி வாலை இழுத்துக்கொண்டு ஓடி முடித்தது. ஐந்து கோடுகளும் காட்டின் ஐந்து பக்கங்களிலிருந்து வந்து மணல்மேட்டின் நடுவே சந்தித்தன. கோடு சரிதான் என்று காட்டின் தலைவியான யானை கால் பதித்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. காடே கூடியிருந்தது.

"கொஞ்சம் பொறுங்கள், தாயே!" என்று கூவினாள் நாச்சி. ஐந்து குவியல்களையும் காட்டி, கேட்டறிந்ததை எல்லாம் சொன்னாள். "எங்களை ஐந்து கூறாக வெட்டியிருக்கிறார்கள்."

நரியிடம் பதில் தயாராக இருந்தது. "நல்லதுக்குக் காலமில்லை, தாயே! மற்றவர்களுக்கு ஆளுக்கு ஓர் உறுப்பினர். ஆமைகளுக்கோ ஐந்து தொகுதியிலும் ஆள் இருக்கிறார்கள். ஐந்து உறுப்பினர்களும் அவர்களுக்காகப் பேசுவார்கள். இதைவிட வேறென்ன வேண்டும்?"

பன்றிகள் தலையாட்டின. யானையும் காலைத் தூக்கிவிட்டது.

நாச்சி நிதானமாகவே பேசினாள்.

"நரியண்ணன் சொல்வதும் சரிதான். இவ்வளவு பெரிய பாக்கியத்தை நாங்களே அனுபவித்தால் எப்படி? இந்த ஒரு தடவை, கோடுகள் சந்திக்கும் இடத்தை நரிக்குன்றின் உச்சிக்கு மாற்றிவிடுங்கள். ஐந்து உறுப்பினர்களும் நரிகளுக்கே கிடைக்கட்டும்."

நரி துள்ளிக் குதித்தது. "அதெப்படி? எங்கள் ஓட்டு ஐந்தாகச் சிதறிவிடுமே! மரத்துக்குப் பத்துப் பேரை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படி ஜெயிப்பது? அப்புறம் எங்கள் குன்றுக்காகச் சபையில் பேச யார் இருப்பார்கள்?"

சொல்லி முடித்த பிறகுதான் அதற்கு உறைத்தது. ஆனால் காடே கேட்டுவிட்டது.

"நாச்சி கேட்க வந்ததை நீயே என்னிடம் கேட்டுவிட்டாய்" என்றது யானை. தூக்கிய காலால் ஐந்து கோடுகளையும் அழித்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மணல்மேடு ஒரே தொகுதிக்குள் வரும்படி தானே புதிதாகக் கோடு போட்டது. "இனிமேல் எல்லாரும் கூட நடந்து பார்த்த பிறகுதான் கோடு" என்றும் சொல்லிவிட்டது.

அந்தத் தேர்தலில் நாச்சி ஜெயித்தாள். முதல் கூட்டத்திலேயே எழுந்து, குளம்பு பட்டு வெளியே வந்த முட்டைகளைப் பற்றிப் பேசினாள்.

பன்றி உறுப்பினர் திகைத்துப்போனார். "முட்டையா? எங்கள் காலடியிலா? இத்தனை வருஷமாக யாரும் சொல்லவே இல்லையே, நாச்சி!"

"சொல்ல இங்கே எங்களுக்கு இடம் இல்லையே, ஐயா" என்றாள் அவள்.

பாதை பாறைப் பக்கம் போனது. அந்தக் கோடையில் நாச்சியின் பதினோரு குஞ்சுகளும் மணலை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் இறங்கின.

நீதி: நம் வாசலில் கிழிக்கச் சம்மதிக்காத கோட்டை அடுத்தவர் வாசலில் கிழிப்பது நியாயமல்ல.