நீர்வட்டத்துக்கு எல்லை போட்ட யானை

கொம்பையனை முதலில் வஞ்சித்தவர் மந்திரி அனந்தப்பர். மற்றதெல்லாம் அதற்கப்புறம் வந்தது.

மாறனேரி அரண்மனையில் ராசாவைச் சிரிக்க வைப்பது கொம்பையனின் வேலை. அவனுக்கு இருந்த ஒரே சொத்து ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. ஊருக்கு வாய்க்கால் வெட்டப் போவதாகச் சொல்லி மந்திரி அதை எடுத்துக்கொண்டார். விலைக்குப் பதிலாக நூறு பொன்னுக்குக் கடன் ஓலை எழுதிக் கொடுத்தார். மூன்று வருஷமாகியும் பொன்னும் வரவில்லை, வாய்க்காலும் வரவில்லை. கேட்டால், "ஓலை பத்திரமாக இருக்கிறதல்லவா? அப்புறம் என்ன கவலை?" என்பார்.

இப்போது மந்திரி புதிய யோசனையோடு வந்தார்.

"ராசா, நீர்வட்டம் என்று ஒன்று ஏற்படுத்துவோம். வட்டத்துக்குள் நிலம் வைத்திருப்பவர்கள் வரி கட்டட்டும். அந்த வரியை நம்பி வட்டம் கடன் ஓலை எழுதிப் பணம் திரட்டும். வாய்க்கால் வந்துவிடும்."

"வட்டத்துக்குத் தலைவர் யார்?" என்றார் ராசா.

"வேறு வழியில்லாமல் அடியேன்தான்."

"உமது வாழைத்தோப்பும் வட்டத்துக்குள் வருமா?" என்றான் கொம்பையன்.

"அது வடக்கே ஓரமாகக் கிடக்கிறது. அதற்குப் பனி போதும் ஓய்!"

வாய்க்கால் அந்தத் தோப்புக்குள் புகுந்துதான் ஊருக்கு வரும் என்பதை அவர் சொல்லவில்லை.

எல்லை குறிக்க அந்த நாட்டில் ஒரு முறை உண்டு. பெண் யானையை அவிழ்த்து விடுவார்கள். அது சுற்றி வரும் தடமே எல்லை. பாகன் பின்னால் நடக்கலாம், திருப்பக் கூடாது. அரண்மனை யானை செவந்திக்கு ஒரு மாதமாகத் தோப்பிலிருந்து தினமும் ஒரு வண்டி பழம் வந்தது. தோப்பை விட்டு விலகிப் போகும் பாதையில்தான் மந்திரியின் ஆட்கள் பழத்தை வைத்து அவளைப் பழக்கினார்கள். கொம்பையன் தினமும் வேடிக்கை பார்த்தான்.

எல்லை குறிக்கும் நாளுக்கு முந்தின நாள் அவன் கைகட்டி நின்றான்.

"ராசா, நாளைக்கு நடப்பது தெய்வ காரியம். தாங்கள் விரதம் இருக்கிறீர்கள். செவந்தியும் இருக்க வேண்டாமா? பாதையில் ஒரு பழத்தோல்கூடக் கிடக்கக் கூடாது."

"சரியான பேச்சு!" என்றார் ராசா.

மறுநாள் செவந்தி பழகிய பாதையில் பத்தடி போனாள். பழம் இல்லை. நின்றாள். தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தாள். பழவண்டி தினமும் எந்தத் திசையிலிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியாதா? நேரே வடக்கே நடந்தாள். தோப்பின் வெளி வரிசை முழுவதையும் ஒரு மரம் விடாமல் தின்றுகொண்டே சுற்றி வந்தாள்.

"ஐயோ, திருப்புங்கள்!" என்று மந்திரி அலறினார்.

"எதற்குத் திருப்ப வேண்டும்? எல்லைதானே போடுகிறாள்? நீர் பழம் கொடுத்து வளர்த்த பிள்ளை. உம்மை வெளியே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை!" என்றான் கொம்பையன்.

ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செவந்தி ஊரையும் சுற்றி முடித்தபோது தோப்பு முழுவதும் எல்லைக்குள் இருந்தது; நீர்வட்டத்திலேயே பெரிய வரி மந்திரி தலையில் விழுந்தது.

"கொம்பையனுக்கு நூறு பொன் பரிசு!" என்றார் ராசா.

மந்திரி இருமினார். "கருவூலத்தில் இப்போது பொன் இல்லை, ராசா. வட்டத்தின் பேரில் கடன் ஓலை எழுதித் தரலாம்."

அவரே எழுதி நீட்டினார். கொம்பையன் வாங்கிப் பார்த்துவிட்டுச் செவந்தியிடம் கொடுத்தான். அவள் அதை ஒரே வாயில் மென்று விழுங்கினாள்.

"இதை இவளாவது அனுபவிக்கட்டும், ராசா. என் கிணற்றுக்கு எழுதின பழைய ஓலை மடியில் இருக்கிறது. பொன் வரும்வரை அதை யானைக்கும் தர மாட்டேன்."